ஆள் ஏறினால் பதினாலு

“அமுக்குங்க.”

“அமுக்கிக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“இதுக்குப் பேரு அமுக்குறதா? பூனையத் தடவுற மாதிரி இருக்கு. நல்லா அமுக்குங்க, போல்ட்டு அசைய மாட்டேங்குது.”

புஷ்பவள்ளி, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியின்மேல் உட்கார்ந்திருக்கிறார். மோட்டார் சைக்கிளின் இடது பக்க மூடி கழன்று தரையில் கிடக்கிறது. வலது பக்கத்தில், சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய கணவர் அர்ச்சுனன். அவரது வலது பாதம் பிரேக் மிதியின்மேல் இருக்கிறது. பின்சக்கரம் சுற்றாமல் நின்றால்தான் ஸ்பேனருக்குப் போல்ட் மசியும். சக்கரத்தை நிறுத்திப் பிடிப்பது அர்ச்சுனனின் வேலை. மற்றதெல்லாம் புஷ்பவள்ளியின் வேலை. இருவருக்கும் நடுவே விரித்த பழைய நாளிதழில் ஒரு மைலோ டின்.

கூலாயில் எங்கள் தாமான் குடியிருப்பில் வெள்ளிக்கிழமைச் சாயங்காலத்துக்கு என்று ஒரு சத்தம் உண்டென்றால் அது இதுதான். பக்கத்து வீட்டிலிருந்து சாம்பிராணி வாசம் வரும், எதிர் வீட்டிலிருந்து ஸ்பேனர் சத்தம் வரும். நான் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரமும் அதுவே. செடிகள் நனைந்து முடிந்த பிறகும் குழாயை மூடாமல் நின்றுகொண்டிருப்பேன். புஷ்பவள்ளி தலையைத் தூக்காமலே சொல்வார்: “தம்பி, செடி நீச்சலடிக்குது. போதும் லா.”

அவர் மாற்றுவது, செயின் சுற்றி ஓடுகிற முன்பக்கத்துப் பல்சக்கரத்தை. கடையில் ஸ்ப்ரோக்கெட் என்பார்கள். அவருக்கு அது ‘பல்லு’. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற இரும்புப் பூ. அவரிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் பதினைந்து பற்கள், மற்றதில் பதினான்கு. ஒன்று மோட்டாரில் ஓடும்போது மற்றது மைலோ டின்னுக்குள் எண்ணெய்த் துணியைப் போர்த்திக்கொண்டு தூங்கும். முன்பக்கத்தில் பல் கூடினால் ஓட்டம், குறைந்தால் இழுவை. வாரநாட்களில் புஷ்பவள்ளி செனாய்ப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கு நெடுஞ்சாலை வழியே தனியாகப் போகிறார்.

“பதினாலுல ஹைவே ஏறினா மோட்டரு கத்திக்கிட்டே வரும் தம்பி. கை மரத்துப் போவும். அங்க போயி குட்டிக் குட்டி மூடியா பொறுக்கணும், வெரலு சொன்ன பேச்சு கேக்காது. பதினஞ்சுன்னா பேசாம போவும். அதனால நான் மட்டும்னா பதினஞ்சு. ஆள் ஏறினா பதினாலு.”

ஆள் என்றால் அர்ச்சுனன்தான். சனிக்கிழமைக் காலையில் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ரெங்கத்துக்குப் போவார். அங்கே எண்ணெய் எடுக்கிற செம்பனைகளுக்கு நடுவே ஒரு செம்மண் மேடு. மேட்டின் உச்சியில் அர்ச்சுனனின் அக்கா கருப்பாயியின் வீடு. அந்த மேட்டுக்காகத்தான் பதினாலு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடியும் பதினைந்து. சந்தையிலிருக்கும் ஒர்க்‌ஷாப் முதலாளி, தவுக்கே ஆ ஹோக், இதைக் கேட்டு முதலில் சிரித்தாராம், பிறகு கோபப்பட்டாராம். “பதினாலப் போட்டுட்டு அப்படியே வுட்டுடு, அக்கா கீலாவா, வாராவாரம் பைத்தியம் புடிச்ச மாதிரின்னான். ஆமா லா, கீலாதான்னேன். நீ வேலைக்கு ஒரு செருப்பு, கல்யாணத்துக்கு ஒரு செருப்பு போட மாட்டியா? என் மோட்டரு போட்டா மட்டும் பைத்தியமான்னு கேட்டேன்.”

குள்ளமான உருவம். கைகள் மட்டும் அந்த உருவத்துக்குப் பொருந்தாமல் உருண்டு திரண்டவை. தொழிற்சாலை எப்போதோ கொடுத்த சாயம் போன டீ சட்டை, பூப்போட்ட கைலி. கழற்றிய போல்ட்டுகளைக் கைலி மடிப்பில் முடிந்துகொள்வார், தரையில் வைத்தால் அவை “ஊர் சுத்தப் போயிரும்.” வீட்டுக்குள் சாவி தேடும்போதே ஹெல்மெட்டை மாட்டிவிடுவார். ஹெல்மெட்டோடு அடுப்பை அணைப்பதையும், ஹெல்மெட்டோடு சாமி கும்பிடுவதையும் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன். நெடுஞ்சாலையில் போகிற எல்லோரையும்போல ஜாக்கெட்டை முன்பின்னாகப் போட்டுக்கொள்வார். நெஞ்சில் காற்று அடிக்காது. திறந்திருக்கும் இரண்டு ஓரங்களும் முதுகில் சிறகுபோல அடித்துக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் கையில் ஒரு பிடிச் சீனியை அள்ளிப் பாத்திரம் கழுவுகிற சோப்பை அதன்மேல் ஊற்றித் தேய்ப்பார். கிரீஸ் கரைந்தோடும். நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் தங்கும். அந்த நகத்தோடுதான் வெள்ளிக்கிழமை விளக்கை ஏற்றுவார். “சாமிக்குத் தெரியும், இது செயின் எண்ணெயின்னு.”

அர்ச்சுனன் அப்போதும் நாற்காலியிலேயே இருப்பார், மிதியிலிருந்து காலை எடுக்க மறந்தவராய்.

அவரை நான் முதன்முதலாகப் பார்த்தபோது லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அப்போது நான் ஆரம்பப்பள்ளியில் படித்தேன். அவர் இறங்கியதும் லாரியின் ஒரு பக்கம் மூச்சு விட்டு மேலே எழுந்தது. ரெங்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை லாரி ஓட்டியவர். கூலாய்க்கு வந்த பிறகு வெளியூர் லாரி. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அது யாருடையது, கிளட்ச் தேய்ந்திருக்கிறதா, எவ்வளவு பாரம் என்றெல்லாம் உள்ளே படுத்தபடி சொல்வார். காது அப்படி.

போன ஆண்டு வயிற்றில் ஓர் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு அவர் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சோறு இறங்கவில்லை. எடை ஏறினால்தான் தேறுவார் என்று மருத்துவர் சொன்னார். கிளினிக்கில் தராசில் ஏறச் சொன்னால் மாட்டேன் என்று நின்றார். “நான் என்னா செம்பனைக் குலையா, நிறுத்துப் பாக்க?” ஜொகூர் பாருவில் இருக்கும் மகள் தேன்மொழி வாராவாரம் காரில் வந்தாள். எங்கே கூப்பிட்டாலும் அவர் வரவில்லை. “எங்க போறது? காத்தடிச்சா பறந்துருவேன் போல இருக்கேன்” என்றார். அந்தப் பேச்சுதான் தன்னைக் கொன்றதாகப் புஷ்பவள்ளி சொல்வார்.

ஒருநாள் புஷ்பவள்ளி அவர் கட்டில் பக்கம் நின்று, ஹெல்மெட்டோடு, சும்மா கேட்டிருக்கிறார்: “உங்கள ஏத்திக்கிட்டு என்னால அக்கா வூட்டு மேடு ஏற முடியுமாங்க?”

சுவரைப் பார்த்தபடியே பதில் வந்ததாம். “முடியாது. பதினஞ்சு போட்டிருக்க. நான் ஏறினா மோட்டரு செத்துரும்.” கொஞ்ச நேரம் கழித்து: “பதினாலு போடு.”

நோவைத் தவிர வேறெதையோ பற்றி அவர் பேசியது அத்தனை மாதங்களில் அதுதான் முதல் தடவை. புஷ்பவள்ளி அப்படியே ஆ ஹோக் கடைக்கு ஓடினார். அந்தச் சனிக்கிழமை கருப்பாயி வீட்டில் நாட்டுக்கோழி ரசத்தில் பிசைந்த சோறு ஒரு கிண்ணம் இறங்கியது. மறுசனி ஒன்றரைக் கிண்ணம். தேன்மொழிக்கு இது பிடிக்கவில்லை. கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு வாளியின் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் புஷ்பவள்ளி மகளோடு பேசுவார்.

“மா, அப்பாவ மோட்டர்ல ஏத்தாதீங்க, ப்ளீஸ் லா. நான் காரு எடுத்துக்கிட்டு வர்றேன்.”

“உன் காருல ஏசியப் போட்டா உங்கப்பா தூங்கிர்றாரு. மோட்டர்லன்னா முழிச்சிக்கிட்டு வர்றாரு.”

“விழுந்துட்டா?”

“அந்தக் கனம் எப்படிடி விழும்? அசைச்சாதானே விழும்!”

அப்போது அர்ச்சுனனின் முகத்தைப் பார்க்க வேண்டும். திட்டு வாங்கிய முகமாக அது இருக்காது. சட்டைக்குள் தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் அந்த மனிதர், நாற்காலியில் கொஞ்சம் அகலமாக உட்கார்ந்துகொள்வார். தெருவில் யார் வந்தாலும் சொல்வார்: “நான் ஏறினா பதினாலு இல்லாம மேல போவாது.”

அந்தப் பதினான்கின் கதையே பழையது. ஒரு வெள்ளிக்கிழமை, செயினைத் துடைத்துக்கொண்டே புஷ்பவள்ளி எனக்குச் சொன்னார்.

“கல்யாணத்துக்கு மறுநாள் தம்பி. காலையில எழுந்து பாக்கறேன், மாப்பிள வாசல்ல உக்காந்து மோட்டரப் பிரிச்சிக்கிட்டு இருக்காரு. கழுத்துல மால காஞ்சது கூட எடுக்கல. என்னாங்கன்னா, ‘இது வரைக்கும் ஒத்த ஆளு, பதினஞ்சு. இனிமே ரெண்டு பேரு, இழுக்காது. பதினாலு’ங்கறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! அப்ப நான் கொடி மாதிரி இருப்பேன்.”

“எந்தக் கொடி? பூசணிக் கொடியா?” என்றார் அர்ச்சுனன்.

“பாருங்க இந்த வாய! அப்புறம் அதே மேடுதான். ஏறுறப்ப மோட்டரு ஙேன்னு கத்தும். ‘முன்னாடி சாயி, முன்னாடி சாயி, மோட்டரு தெணறுது’ன்னு இவரும் கத்துவாரு. நான் பயந்துபோயி அப்படியே இவரு முதுகுல ஒட்டிக்குவேன். மேல போற வரைக்கும். வாராவாரம். எத்தன வருசம்!”

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“பொறகு இவரு வெளியூரு லாரிக்குப் போனப்ப, நானே ஓட்டப் பழகினேன். ஒருநாள் தேனு பின்னாடி உக்காந்திருக்கு, கூட ஒரு மூட்ட அரிசி. அதே மேடு. பதினாலுல சும்மா ஜம்முன்னு ஏறுது தம்பி! சாயவும் வேணாம், ஒண்ணும் வேணாம். அப்பதான் புரிஞ்சிச்சு. இந்த ஆளு வேணும்னே, குதிகாலால இப்படி டக்கு டக்குன்னு” — வெறுங்காலின் குதியால் சிமெண்டுத் தரையை இரண்டு தடவை அழுத்திக் காட்டினார் — “கியர எறக்கி எறக்கி மோட்டரக் கத்த வுட்டிருக்கான்! என்னைய சாய வைக்கறதுக்கு!”

“சும்மா இரு புள்ள. தம்பி பாக்குது,” என்று அர்ச்சுனன் தெருவின் மறுகோடியைப் பார்த்தார். காது மட்டும் சிவந்திருந்தது. அந்தக் காலத்துப் பதினான்கு பற்களும் தேய்ந்து சுறா மீன் முதுகுபோல ஒரு பக்கம் வளைந்துவிட்டன. அது இப்போது சமையலறையில் ஊறுகாய் ஜாடி மூடியின்மேல் பாரமாக உட்கார்ந்திருக்கிறது. தூக்கிப் போடுங்கள் என்று தேன்மொழி சொன்னால், “அது இருக்கட்டும், மாங்கா ஏறி வராம இருக்க” என்பார் புஷ்பவள்ளி.

பின்னால் உட்கார்கிற அர்ச்சுனன் ஒருபோதும் சாய்வதில்லை. புறப்படுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கையாலும் பின்பக்கத்துக் கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகை விறைத்து, லாரியின் ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர்போல நேராக உட்காருவார். மனைவியின் தோளைத் தொடுவதுகூட இல்லை. “புடிச்சிக்குங்களேன்” என்றால், “நான் என்ன சின்னப் புள்ளையா?” என்பார்.

இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிர் வீட்டிலிருந்து புஷ்பவள்ளி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். அர்ச்சுனனின் நாற்காலி காலியாக இருந்தது. உள்ளே தொலைக்காட்சியில் பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது.

“தம்பி, கொஞ்சம் பிரேக்க அமுக்குங்க.”

நாற்காலியில் உட்கார்ந்து மிதியை அழுத்தினேன். அந்த வேலையை நான் செய்வது அதுதான் முதல் தடவை. போல்ட் உடனே அசைந்தது. புஷ்பவள்ளி பல்சக்கரத்தைக் கழற்றித் துணியால் துடைத்தார். துடைத்துவிட்டு, அதையே திரும்ப மாட்டத் தொடங்கினார். நான் மைலோ டின்னைப் பார்த்தேன். பதினான்கு உள்ளேதான் இருந்தது.

“ஆண்ட்டி, இது பதினஞ்சுதானே? முன்னாடியே...”

“சத்தம் போடாதீங்க,” என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. “வெள்ளிக்கெழம வேலையில ஓவர்டைம் போடச் சொல்லிட்டாங்க. மழ வேற. வந்து பாத்தா இவரு மருந்து குடிச்சிட்டுத் தூங்கிட்டாரு. நானும் அசந்து படுத்துட்டேன். காலையில கெளம்புறப்பதான் ஞாபகம் வருது, பல்லு மாத்தலன்னு. ‘மாத்துனியா’ன்னு கேட்டாரு. இல்லன்னா மோட்டர்ல ஏற மாட்டாரு தம்பி, தெரியும்ல? ஒரு வாரம் சோறு போயிரும். அதனால பொய் சொல்லிட்டேன். ‘மாத்திட்டேன், எதிர் வூட்டுத் தம்பி வந்து பிரேக்கு புடிச்சிச்சு’ன்னு.”

நான் மிதியை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

“மேட்டுல எப்படியாச்சும் தள்ளிட்டுப் போயிரலாம், மோட்டரு கெட்டுப் போச்சுன்னு சொல்லிக்கலாம்னு நெனச்சேன். மேடு வந்துச்சு. இப்ப தெணறும், இப்ப தெணறும்னு பாக்கறேன். தெணறல. பதினஞ்சுலயே, மூணாவது கியருலயே போவுது. நான் தனியா போற மாதிரி போவுது, தம்பி. என் முதுகுக்குப் பின்னாடி ஆளே இல்லாத மாதிரி.”

அவர் போல்ட்டை மடியிலிருந்து எடுத்தார். ஓட்டையில் வைத்துக் கையாலேயே திருகினார்.

“அவருக்குத் தெரியக்கூடாது. பதினஞ்சுலயே ஏறிச்சுன்னு தெரிஞ்சா, அவ்ளோதான். திரும்பப் போயி சுவத்தப் பாத்துப் படுத்துக்குவாரு. அதான் மாத்துற மாதிரி சத்தம் காட்டிக்கிட்டு இருக்கேன். அவரு கேட்டா, ஆமான்னு மட்டும் சொல்லிருங்க.”

படத்தின் சத்தம் நின்றது. அர்ச்சுனன் வாசலுக்கு வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

“வெள்ளிக்கெழமையும் நீங்கதான் பிரேக்கு புடிச்சீங்களாமே தம்பி?”

“ஆமா அங்கிள்.”

“எந்தக் காலால?”

குனிந்து மிதியைப் பார்த்தேன். “வலது கால், அங்கிள்.”

அவர் என் காலைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், மைலோ டின்னைப் பார்த்தார். புஷ்பவள்ளி தலையே தூக்காமல் ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டிருந்தார். அந்தப் போல்ட் இறுகி எவ்வளவோ நேரமாகியிருந்தது.

“ம். சரி லா,” என்று அர்ச்சுனன் உள்ளே போனார். படம் திரும்பவும் தொடங்கியது. “எந்தக் காலாலன்னு ஒரு கேள்வி!” என்று புஷ்பவள்ளி மூச்சு விட்டார். “போலீஸ்ல சேந்திருக்கணும் இந்த ஆளு.”

அடுத்த வெள்ளிக்கிழமை நாற்காலி பழையபடி நிறைந்திருந்தது. நிறைந்திருந்தது என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அதில் இன்னும் ஒருவர் உட்கார இடம் இருந்தது. நான் குழாயோடு நின்றேன். அன்றைக்குப் பூனையைத் தடவுகிற பேச்சு வரவில்லை. “போதும் போதும், மெதுவா அமுக்குங்க, மிதி ஒடஞ்சிரப் போவுது,” என்று புஷ்பவள்ளி தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அர்ச்சுனன் உதட்டைக் கடித்து மிதித்துக்கொண்டிருந்தார். புஷ்பவள்ளியின் பக்கத்தில், பின்சக்கரத்துக் கம்பிகளுக்கு நடுவே ஒரு விறகுத் துண்டு செருகியிருந்தது. நாற்காலியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. எங்கள் வீட்டுப் பக்கமிருந்து தெரிந்தது.

பதினான்கு ஏறியது. சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, செயினை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “தம்பி, நாளைக்கு லீவுதானே? இவரு அக்காவுக்கு ஒரு ரைஸ் குக்கர் வாங்கி வச்சிருக்கேன். இந்தக் கனத்தோட சேத்து அதையும் ஏத்தினா என் மோட்டரு உயிர விட்டுரும். நீங்க பின்னாடி கொண்டாறீங்களா?”

“கனமாம் கனம்,” என்றார் அர்ச்சுனன். ஆனால் மறுக்கவில்லை.

சனிக்கிழமை காலை பசியாறிவிட்டுப் புறப்பட்டோம். லாயாங் லாயாங் ஊர்ப் பாதையில் பனி இன்னும் செம்பனை ஓலைகளில் தொங்கியது. அவர்கள் முன்னால், நான் பெட்டியை இருக்கையில் கட்டிக்கொண்டு பின்னால். எனக்கு முன்னே தெரிந்ததெல்லாம் இரண்டு ஹெல்மெட்டுகள், நேராக நிமிர்ந்த ஒரு முதுகு, கேரியர் கம்பியை இறுக்கிய இரண்டு கைகள். அர்ச்சுனனின் சட்டை காற்றில் உப்பியது. பழைய சட்டை, அந்தப் பழைய உடம்புக்குத் தைத்தது. காற்று அதை நிரப்பியபோது மட்டும், பின்னாலிருந்து பார்க்க, லாரியிலிருந்து இறங்கிய அதே மனிதர்போல இருந்தார்.

ரெங்கம் தாண்டி, தோட்டத்துப் பாதையில் திரும்பினோம். செம்மண் தொடங்கியது. வழியில் குலை ஏற்றிய டிராக்டர் ஒன்று ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டது. அதை ஓட்டியவர் அர்ச்சுனனைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அர்ச்சுனன் கம்பியிலிருந்து கையை எடுக்காமல் தாடையை மட்டும் உயர்த்தினார்.

மேடு வந்தது. நான் நினைத்ததைவிடச் செங்குத்தானது. என் மோட்டாரே இரண்டாவது கியருக்கு இறங்கியது. முன்னால் அவர்கள் தயக்கமே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தார்கள். பதினாலு இழுத்த இழுப்பில் இடைவெளி கூடியது. இப்படியே போனால் மேடே முடிந்துவிடும், ஒரு முனகல்கூட இல்லாமல். அர்ச்சுனனின் தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறவர்போல.

அப்போது புஷ்பவள்ளியின் இடது குதிகால் அழுந்தியது.

கியர் இறங்கியது. மோட்டார் ஙே என்று கத்தியது. குதிகால் இன்னொரு தடவை அழுந்தியது. மேடு முழுக்கக் கேட்கிற மாதிரி ஓர் அலறல். செம்பனைக்குள்ளிருந்து மைனாக்கள் கிளம்பிப் பறந்தன. “அலமாக்! என்னா கனங்க இது!” என்று புஷ்பவள்ளி அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினார். “அக்கா சோறு போட்டுப் போட்டு உங்கள லாரியாக்கி வுட்டுட்டாங்க! ஏறவே மாட்டேங்குது!”

அர்ச்சுனன் குனிந்து இடது பக்கம் பார்த்தார். அந்தக் குதிகாலைத்தான் பார்த்தார். மிதியின்மேல் அது இன்னும் அழுந்தியே இருந்தது. கொஞ்ச தூரம் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பிறகு அவருடைய வலது கை கேரியர் கம்பியை விட்டது. அடுத்து இடது கை. புஷ்பவள்ளியின் முதுகில் அடித்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டின் இரண்டு ஓரங்களையும் அவர் இரண்டு கையாலும் பிடித்துச் சேர்த்தார். சேர்த்துப் பிடித்தபடி முன்னால் சாய்ந்தார். மேடு முடிகிற வரைக்கும் நிமிரவில்லை.